தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து வையுங்கள்

தமிழ்ப் படங்களையும் தொடர்களையும் இணையத்தில் வெளியிடும் ஓடிடி தளங்களின் தமிழ்ப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும், அவர்களுக்குப் படம் கொடுக்கும் தமிழ்த் தயாரிப்பாளர்களுக்கும்.

உங்களில் ஒரு தளம் சென்ற மாதம் ஒரு தமிழ்த் தொடரின் இரண்டாவது சீசனை வெளியிட்டது. முதல் சீசன் வந்தபோது அதற்குத் தமிழிலேயே சப்டைட்டில் இருந்தது. இரண்டாவதில் அதை எடுத்துவிட்டீர்கள். இப்போது அங்கே இருப்பது ஆங்கிலம் மட்டும். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதினேன். “இந்த நிகழ்ச்சி ஆங்கில சப்டைட்டிலுடன் கிடைக்கிறது” என்று ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தது. நான் கேட்டது அதுவல்ல என்று மறுபடி எழுதி, குறைதீர் அலுவலருக்கும் அனுப்பினேன். விதிகள் அவருக்குக் கொடுத்திருக்கும் அவகாசம் 15 நாள். பதின்மூன்றாம் நாள் பதில் வந்தது: மொழித் தெரிவுகள் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறுபடும், உங்கள் கருத்துக்கு நன்றி, புகார் முடித்துவைக்கப்பட்டது.

எனக்கு அது முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். அந்தத் தளத்தின் பெயரை எழுதவில்லை. மற்றவர்களும் பெரும்பாலும் இதையேதான் செய்கிறீர்கள் என்பதால் ஒருவரை மட்டும் நிறுத்திக் கேட்பது நியாயமாகப் படவில்லை.

என் அப்பாவுக்கு 72 வயது. குமாரபாளையத்தில் 34 ஆண்டு விசைத்தறி ஓட்டினார். தறிக் குடோனுக்குள் போய்வந்தவர்களுக்குத் தெரியும், இருபது தறி ஒன்றாக ஓடும்போது ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடுகிற சத்தத்தில், தோளுக்குப் பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. காதை அடைத்துக்கொண்டு வேலை செய் என்று அந்தக் காலத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இரைச்சலால் காது போகும்போது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேல் சுருதிகள்தான் முதலில் போகும் என்று காது மருத்துவர் வரைபடத்தைக் காட்டி விளக்கினார். ச, த, க போன்ற ஒலிகளைப் பிரித்துக் கேட்க உதவுவது அந்த மேல்பகுதி. அது போய்விட்டால் யாரோ பேசுகிறார்கள் என்பது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது. சட்டை என்றாலும் கட்டை என்றாலும் தட்டை என்றாலும் அப்பாவுக்கு விழுவது ‘அட்டை’தான்.

காது மெஷின் வாங்கித் தந்திருக்கிறோம். வீட்டுப் பேச்சுக்கு அது உதவுகிறது. படத்துக்கு உதவவில்லை. வசனத்தைக் கூட்டும்போது பின்னணி இசையையும் சேர்த்துக் கூட்டுகிறது. சமீப ஆண்டுகளில் வரும் நம் படங்களில் வசனத்தின் மேலேயே இசையை ஏற்றி ஏற்றி வைக்கிறார்கள். நல்ல காது உள்ள நானே பல இடங்களில் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டி இரண்டாம் தடவை கேட்கிறேன். சத்தத்தைக் கூட்டினால் பாட்டும் சண்டையும் வீட்டை அதிரவைக்கின்றன, குறைத்தால் வசனம் காணாமல் போகிறது. காது மெஷின் வைத்தவருக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அப்பா படிப்பார். எட்டாம் வகுப்போடு நின்றவர், தறி நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் கிளை நூலகத்தில் போய் உட்கார்ந்தே படிப்பாளி ஆனவர். வார இதழ் ஒன்று விடமாட்டார். நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தரும் நாளுக்கு முன்னாலேயே முடித்துவிடுவார். தமிழ் எழுத்து அவருக்கு ஒருநாளும் கதவைச் சாத்தியதில்லை. ஆங்கிலத்தில் பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். இரண்டு நொடியில் வந்து மறையும் ஆங்கில வரியை அவரால் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. பார்ப்பது தமிழ்ப் படம்.

அந்தத் தொடரின் முதல் சீசன் வந்தபோது என்ன நடந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தற்செயலாகத்தான் அந்த மெனுவில் ‘தமிழ்’ என்று இருப்பதைப் பார்த்தேன். போட்டேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து டிவிக்கு ஒரு கை தூரத்தில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் எபிசோடில் போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையாவும் ஒரு திருடனும் பேசிக்கொள்ளும் காட்சி வரும். திருடன் ஒரு பதில் சொல்வான். வரி முழுதாகக் கீழே வந்துவிட்டதால், நடிகர் சொல்லி முடிப்பதற்குள் அப்பா சிரித்துவிட்டார். சிரித்துவிட்டுத் திரும்பி, நாங்கள் சிரிக்கிறோமா என்று பார்த்தார். அடுத்த நொடியில் நாங்கள் சிரித்தோம். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது. பொதுவாக நாங்கள் சிரித்த பிறகு, “என்ன சொன்னான்?” என்று அவர் கேட்பார், நாங்கள் சுருக்கிச் சொல்வோம். சுருக்கிச் சொன்ன நகைச்சுவைக்கு அவர் மரியாதைக்காகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

நான்கு நாளில் தொடரை முடித்தார். டீக்கடையில் நண்பர்களிடம் கதை சொன்னார். யார் கொலை செய்தது என்று எனக்கு முன்பே கண்டுபிடித்தார். இரண்டாவது சீசன் எப்போது என்று மாதாமாதம் கேட்டார்.

வந்தது. அதே நாற்காலி, அதே இடம்.

“கீழ எழுத்து வரலியே கண்ணு.”

“இங்கிலீஷ்லதான் இருக்குதுங்கப்பா.”

“போன தடவ இருந்துச்சே. இது நம்மாளுங்க பேசற படந்தான?”

இரண்டு எபிசோடு நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சியிலும் நிறுத்தி, ஒரு நோட்டில் வசனத்தை எழுதிக் காட்டினேன். நாற்பது நிமிட எபிசோடுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. மூன்றாவது எபிசோடு பாதியில் அவரே ரிமோட்டை வாங்கி நிறுத்தினார். “உடு கண்ணு, நீ போயி உன்ற வேலயப் பாரு” என்று சொல்லிவிட்டுச் செய்தி சேனலை வைத்தார். பல வருடமாக அவர் டிவியில் பார்ப்பது செய்தி சேனல்தான். அரசியலில் ஆர்வம் இருப்பதால் அல்ல. அங்கேதான் கீழே தமிழ் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது. சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு ஒரே பத்து வரியைச் சுற்றிச் சுற்றிப் படித்துக்கொண்டிருப்பார்.

பழைய படங்களை மட்டும் அவர் இன்றைக்கும் முழுதாகப் பார்ப்பார். 1965-இல் வந்த திருவிளையாடலில் தருமி புலம்பும் காட்சியை எத்தனை தடவை போட்டாலும் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு அந்தக் காட்சி கேட்பதில்லை. மனப்பாடமாகத் தெரியும். ரேடியோவில் ஒலிச்சித்திரமாகக் கேட்டு, கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களையும் கதைவசனப் புத்தகங்களையும் வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறை அது. காது போனபின் அந்தக் கையிருப்பை வைத்துத்தான் சினிமா பார்க்கிறார். அவர் காது போன பிறகு வந்த படங்கள் அத்தனையும் அவருக்குப் பூட்டிய வீடு.

‘உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அப்பாவுக்கு உதடு படிக்கத் தெரியும். தறிக் குடோனில் முப்பது ஆண்டு வேலை செய்தவர்களுக்கு அது தானாக வந்துவிடும். சத்தத்துக்கு நடுவில் அவர்கள் பேசிக்கொள்வதே உதட்டாலும் கையாலும்தான். இரண்டு விரலைச் சுழற்றினால் தார், அதாவது நாடாவுக்குள் இருக்கும் நூல், தீர்ந்துவிட்டது. கையை வெட்டுவதுபோல் காட்டினால் பாவு நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீக்கு ஆள் அனுப்பு. ஆனால் நம் படங்களில் உதடு உதவாது. கதாநாயகிகளில் பலர் தமிழ் பேசாதவர்கள், குரல் இன்னொருவருடையது. வாய் ஒன்று சொல்கிறது, வசனம் வேறாக இருக்கிறது. கதாநாயகர்களுக்கு இப்போது மேலுதட்டை மூடும் தாடி. வில்லன் முக்கால்வாசி நேரம் இருட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறான். பிறமொழியிலிருந்து டப்பிங் செய்து வரும் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பொன்னியின் செல்வன் படத்தின் முதல் பாகம் 2022 செப்டம்பரில் வந்தபோது அவரைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். கல்கியின் ஐந்து பாகங்களையும் மூன்று தடவை படித்தவர். படம் தொடங்கியதும் வந்தியத்தேவனை, நந்தினியை, பழுவேட்டரையர்களை ஒவ்வொருவராக அடையாளம் கண்டு என் கையைத் தட்டிக் காட்டினார். புத்தகத்தின் வழியே படம் போனவரை அவரும் கூடவே போனார். படத்துக்காகக் கதையை மாற்றியிருந்த இடங்களில் அவர் தனியாக நின்றுவிட்டார். வெளியே வந்ததும், “அந்த எடத்துல என்ன பேசுனாங்க?” என்று நான்கு காட்சிகளைக் கேட்டார். பைக்கில் வீடு வரும்வரை சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். 2023-இல் இரண்டாம் பாகம் வந்தபோது, “நீங்க போய்ட்டு வாங்க, நான் புஸ்தகத்தயே இன்னொருக்காப் படிச்சுக்கறேன்” என்றார்.

இன்னொரு அனுபவத்தையும் சொல்கிறேன், அது நடந்தது நம் ஊரில் அல்ல. என் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். அப்பா அங்கே போய் நான்கு மாதம் இருந்தார். பேரனுக்குப் பேஸ்பால் பைத்தியம். சாயங்காலமானால் டிவியில் அந்த ஆட்டம்தான். வர்ணனையாளர் பேசப் பேச, ஆங்கிலத்தில் கீழே வரி வரியாக எழுத்து வந்துகொண்டே இருக்கும். நேரலை ஆட்டத்துக்கே! அப்பாவால் அதைப் படிக்க முடியாது. ஆனால் அது யாருக்காக என்று பேரனிடம் கேட்டார். “காது கேக்காதவங்களுக்குத் தாத்தா. எல்லா சேனல்லயும் வரும்” என்றான் பையன். 1990-இல் அங்கே ஒரு சட்டம் போட்டு, 13 அங்குலத்துக்குக் குறையாத திரை உள்ள எல்லா டிவி பெட்டிகளிலும் 1993 ஜூலையிலிருந்து எழுத்து காட்டும் வசதி உள்ளேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். நிகழ்ச்சிகளுக்கான விதி பின்னால் வந்தது.

ஆட்டத்தை அப்பா எழுத்து இல்லாமலே கற்றுக்கொண்டார். நடுவர் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் ஓடியவன் தப்பித்தான், கை முஷ்டியை மடக்கி உயர்த்தினால் அவுட். தறிக் குடோன் பாஷைதான் இது என்று சொன்னாராம். அப்போது பேரன் அவருக்கு வில்லியம் ஹோய் என்ற ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். சின்ன வயதில் காது போனவர். 1888 முதல் 1902 வரை அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் ஆடியவர். நடுவர் சொல்வது காதில் விழாததால், ஹோய் மட்டை பிடித்து நிற்கும்போது மூன்றாம் பேஸில் நிற்கும் பயிற்சியாளர் கையைக் காட்டித் தீர்ப்பைச் சொல்வாராம். நடுவர்களின் கை சைகையே அவரால்தான் வந்தது என்று ஒரு பேச்சு உண்டு. வரலாற்று ஆய்வாளர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை, நானும் அதை வைத்து வாதாடவில்லை. ஆனால் ஒன்று உறுதி. பல்லாயிரம் பேர் கூச்சல் போடும் மைதானத்தில் காது கேட்பவர்களுக்கும் அந்தச் சைகைதான் இன்றைக்கும் சேதி சொல்கிறது. 1961-இல், 99 வயதில், சின்சினாட்டியில் நடந்த உலகத் தொடர் (பேஸ்பால் இறுதித் தொடர்) ஆட்டம் ஒன்றில் முதல் பந்தை வீச ஹோயைத்தான் அழைத்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் அப்பா முதலில் சொன்ன கதை இதுதான். சொல்லி முடித்துவிட்டு, “அங்க ஆட்டத்துக்கே எழுத்துப் போடறாங்க” என்றார்.

தமிழ்ப் படம் எழுத்தோடுதான் பிறந்தது என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த கீசக வதம் ஊமைப்படம். வசனம் எழுத்து அட்டைகளாகத் திரையில் வந்தது. தமிழில் ஒரு அட்டை, ஆங்கிலத்தில் ஒரு அட்டை, இந்தியில் ஒரு அட்டை. 1931-இல் காளிதாஸ் வந்து படம் பேசத் தொடங்கியதும் அந்த அட்டைகள் போயின. ஊமைப்பட காலத்தில் காது கேட்காதவரும் கேட்பவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்திருப்பார்கள். எழுத்தைத் திரையிலிருந்து எடுத்ததில் யாரெல்லாம் வெளியே போனார்கள் என்று அப்போது யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

இப்போது கணக்கு இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்கும் திறன் குறைந்தவர்களாகப் பதிவானவர்கள் நாடு முழுதும் 50 லட்சத்துக்கு மேல். அப்பாவைப் போல வயதும் தொழிலும் காதைத் தின்றவர்கள் பலர் அதில் தங்களைச் சொல்லிக்கொள்வதே இல்லை. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் உங்கள் முன்னால் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரால் ஒரு சினிமா முழுதும் ஆங்கில வரிகளை ஓட்டமாகப் படிக்க முடியும்? ஆங்கில சப்டைட்டில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிறமொழிக்காரர்கள் நம் படத்தைப் பார்க்க அது வேண்டும். அது அவர்களுக்கான கதவு. அதைக் காட்டி எங்கள் வீட்டு மனிதரை உள்ளே வா என்று சொல்வது பதில் ஆகாது.

செலவாகும் என்பீர்கள். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள், பதினெட்டு ஆண்டாகத் தமிழ் எழுத்தோடு இருக்கிறேன். சப்டைட்டில் வேலை செய்யும் தோழியிடம் உட்கார்ந்து பார்த்துக் கற்றும்கொண்டேன். ஆங்கில வரிகளை எழுதுபவர் எங்கிருந்து தொடங்குகிறார்? தமிழ் வசனப் பட்டியலிலிருந்து. டப்பிங் தியேட்டருக்கு அனுப்பவும் அந்தப் பட்டியல் வேண்டும். வசனம் ஏற்கெனவே தமிழில் தட்டச்சாகி உங்கள் கைவசம் இருக்கிறது. எந்த நொடியில் வரி வர வேண்டும், எந்த நொடியில் மறைய வேண்டும் என்ற கணக்கையும் ஆங்கிலத்துக்காகப் போட்டாகிவிட்டது. இரண்டையும் சேர்த்து, ஒரு தமிழர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியதுதான் மிச்சம். அந்தக் கோப்பு, செல்போனில் எடுத்த ஒரு போட்டோவைவிடச் சின்னது. கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படத்துக்கு இது சுமையா?

தமிழ் எழுத்து வேண்டும் என்று கேட்பவர்கள் இல்லை என்றும் சொல்கிறீர்கள். முதல் சீசனில் தமிழ் இருந்ததை நான் தற்செயலாகத்தான் கண்டேன் என்று சொன்னேன். நீங்கள் அதை எங்கேயும் சொல்லவில்லை. முன்னோட்டத்தில் இல்லை, விளம்பரத்தில் இல்லை, தொடரின் பக்கத்திலும் இல்லை. படம் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு சின்னப் பொத்தானை அழுத்தினால்தான் தெரியும். 72 வயதுக்காரர் அந்தப் பொத்தானைத் தேட மாட்டார். இல்லை என்றே நினைத்து விலகிப் போய்விட்டவர்களைத்தான் நீங்கள் ஆர்வம் இல்லாதவர்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

இது தயவு கேட்பதும் அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 29-ஆம் பிரிவில், கேட்கும் திறன் குறைந்தவர்கள் சைகைமொழி விளக்கத்துடனோ சப்டைட்டிலுடனோ தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பார்க்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின் நெறிமுறையில், மாற்றுத்திறனாளிகள் பார்க்கும்படி நிகழ்ச்சிகளை அமைக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று உங்களைக் குறித்தே எழுதியிருக்கிறது. 2023 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் பதான் என்ற இந்திப் படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு இந்தியிலேயே சப்டைட்டில் தயாரிக்கச் சொன்னது. இந்திப் படத்துக்கு இந்தி எழுத்து என்பது நீதிமன்றத்துக்குப் புரிந்தது. தியேட்டர்களுக்கு 2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வழிகாட்டுதல் கொடுத்தது, ஓடிடிக்கான வரைவை 2025 அக்டோபரில் வெளியிட்டது. அமெரிக்காவில் காது கேளாதோர் தேசியச் சங்கம் நெட்ஃபிளிக்ஸ் மேல் வழக்குப் போட்டு, 2014-க்குள் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் எழுத்து வைக்கும் உடன்பாட்டை 2012-இலேயே வாங்கியது. பிரிட்டனில் பிபிசி தன் முக்கிய சேனல்களின் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் எழுத்து தரத் தொடங்கியது 2008-இல். முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

படிக்கத் தடுமாறுபவர்களுக்கும் இது உதவும். அகமதாபாத்தில் பிரிஜ் கோத்தாரி என்ற பேராசிரியர் 1999-இல் குஜராத்தித் திரைப்பாடல்களுக்குக் கீழே குஜராத்தியிலேயே வரிகளைப் போட்டு டிவியில் காட்டத் தொடங்கினார். பாட்டு கேட்டுக்கொண்டே படிக்கப் பழகட்டும் என்பதுதான் நோக்கம். என் அக்கா மகள் ஆங்கில வழியில் படிக்கிறாள், தமிழ்ப் பாடப்புத்தகத்தைக் கண்டாலே ஓடுவாள். முதல் சீசனைத் தாத்தாவோடு உட்கார்ந்து பார்த்த நான்கு நாளும் அவள் கீழே வந்த வரிகளைச் சத்தமாகப் படித்தாள். தாத்தாவுக்காகப் படிப்பதாக நினைத்துக்கொண்டுதான் படித்தாள்.

எப்படி வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏனோதானோ என்று வைத்த தமிழ் வரிகளையும் பார்த்திருக்கிறேன். ஒரு படத்தில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம். ‘கொ’ என்ற எழுத்து மூன்று துண்டாகக் கிடந்தது. இன்னொன்றில் ஆங்கில வரியை இயந்திரத்துக்குக் கொடுத்துத் தமிழாக்கியிருந்தார்கள். மதுரைக்காரர் ‘ஏண்டா, எங்கிட்டுப் போன?’ என்று கேட்கிறார், கீழே ‘நீங்கள் எங்கே சென்றீர்கள்?’ என்று வருகிறது. தமிழில் பேசியதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்து திரும்பத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம். பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள். தூத்துக்குடிப் பேச்சைத் தூத்துக்குடிப் பேச்சாகவே எழுதுங்கள். சமீபத்துத் தொடர்களில் எனக்குப் பிடித்ததே, ஊர்ப்பேச்சை ஒளிக்காமல் பேசவைப்பதுதான். அந்த அழகை எழுத்தில் அழித்துவிடாதீர்கள். உதட்டையும் எழுத்தையும் சேர்த்துப் பார்க்கும் அப்பா போன்றவர்களுக்கு இரண்டும் ஒத்துப்போனால்தான் புரியும்.

வசனம் மட்டும் போதாது. கதவு தட்டுகிறார்கள், போன் அடிக்கிறது, பக்கத்து அறையில் குழந்தை அழுகிறது, இதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். துப்பறியும் தொடரில் எல்லோரும் சட்டென்று வாசலைப் பார்ப்பார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று அப்பாவுக்குத் தெரியாது. ‘வெளியே கார் நிற்கும் சத்தம்’ என்று நான்கு சொல் எழுதினால் அவரும் வாசலைப் பார்ப்பார். முகம் தெரியாமல் ஒருவர் பேசினால் யார் பேசுகிறார் என்று பெயர் போடுங்கள். நம் சொற்கள் நீளமானவை, ஒட்டி ஒட்டி வளருபவை. ஆங்கிலத்துக்கு வகுத்த நீளத்தில் வரியை வெட்டினால் சொல் நடுவில் முறியும். அதைத் தமிழ் தெரிந்த ஒருவர் பார்த்து உடைக்க வேண்டும். மெய்ப்புத் திருத்துபவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் வேலை இல்லாமல் இருக்கிறோம், கூலி கொடுத்துக் கூப்பிடுங்கள்.

நான் கேட்பவை இவை.

எடுத்துவிட்ட அந்த இரண்டாவது சீசனின் தமிழ் எழுத்தை 30 நாளுக்குள் வையுங்கள். முதல் சீசனுக்கு வைத்தவர்களால் இதற்கும் முடியும்.

இனி வெளியிடும் ஒவ்வொரு தமிழ்ப் படத்துக்கும் தொடருக்கும், டப்பிங் செய்து தமிழில் தருபவற்றுக்கும், வெளியாகும் அன்றே தமிழ் சப்டைட்டில் இருக்க வேண்டும். டப்பிங் குரல் பேசும் வசனமே கீழே வர வேண்டும், மூலப் படத்தின் மொழிபெயர்ப்பு வரி வேறாக வரக் கூடாது.

உங்களிடம் ஏற்கெனவே உள்ள பழைய படங்களுக்கு ஒரு கால அட்டவணை போட்டு அதைப் பொதுவில் சொல்லுங்கள். எல்லாவற்றையும் நாளைக்கே கேட்கவில்லை. எந்த ஆண்டுக்குள் எவ்வளவு என்று சொல்லுங்கள், அதை வைத்து நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

தமிழ் எழுத்து உண்டா இல்லையா என்பதைப் படத்தின் பக்கத்திலேயே, பார்க்கும் முன்பே தெரியும்படி போடுங்கள். தமிழ் எழுத்து உள்ளவற்றை மட்டும் ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டுங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கும் வசதி டிவியிலும் வேலை செய்ய வேண்டும்.

தயாரிப்பாளர்களே, உரிமையை விற்கும் ஒப்பந்தத்தில் இதை ஒரு வரியாக எழுதுங்கள். வசனப் பட்டியலைப் படத்தோடு சேர்த்துக் கொடுங்கள். தியேட்டருக்கும் வாரத்தில் ஒரு காட்சியாவது தமிழ் எழுத்தோடு போடச் சொல்லுங்கள். எந்த நாள், எந்த ஊர் என்று முன்கூட்டியே அறிவித்தால் நாங்கள் பஸ் ஏறி வருவோம்.

இந்த வேலையைத் தொடங்கும் முன் காது கேளாதவர்களையும் காது மங்கிய முதியவர்களையும் பத்துப் பேர் உட்காரவைத்துக் காட்டிச் சரிபாருங்கள். குமாரபாளையத்தில் தறி ஓட்டியவர்களிடம் கேளுங்கள், ஒரு தெருவிலேயே பத்துப் பேர் கிடைப்பார்கள்.

இந்த மடலுக்குப் பதில் எழுதுங்கள். பதிலைத் தமிழில் எழுதுங்கள், அப்பா படிப்பார். மூன்றாவது எபிசோடில் பாதியில் நிறுத்தியது அங்கேயே நிற்கிறது.